சுபேதார் அடையாளம் சொன்ன கிண்ணம்

போன வாரம் ஜெயந்தி போன் செய்தாள். அருப்புக்கோட்டையில் நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த பாத்திரக் கடையில் இப்போது அவள்தான் எல்லாம். பழைய வெண்கலச் சாமான்களைப் படம் பிடித்து, போனிலேயே வெளியூர்க்காரர்களுக்கு விற்றுவிடுகிறாள்.

"அண்ணே, திபெத்துக் கிண்ணம் பழசா புதுசான்னு சொல்றதுக்கு ஒரு ஆப்பு வந்துருக்கு. போனப் பக்கத்துல வச்சு ஒரு தட்டு தட்டுனாப் போதும். எத்தன வருசத்துச் சாமான்னு சொல்லிருது."

"பெறகென்ன, நிம்மதி" என்றேன்.

"எங்க நிம்மதி? நம்ம கடை டீக்கிளாசத் தட்டிப் பாத்தேன். எரநூறு வருசம்னு சொல்லுது. நீங்க எப்படிப் பாப்பீகன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கண்ணே."

ஒரு தாள் போதாது என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். எனக்கோ எழுத ஆசை. ஒரு ஆட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் மாரியப்பன். ஊரில் வெட்டு மாரியப்பன் என்றால்தான் தெரியும். புதிதாகக் கேட்பவர்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள். நான் வெட்டியதெல்லாம் பாத்திரத்தில் பெயர்தான். கல்யாணச் சீருக்குக் குடமும் அண்டாவும் எடுப்பவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் வருவார்கள். சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பேன். பத்து வருடம் அதே வேலை. நாள் முழுக்கப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தால் காது தானாகப் பழகிவிடும். பித்தளை ஒரு மாதிரி கத்தும், வெண்கலம் ஒரு மாதிரி. கீறல் விட்ட வெண்கலம் சளி பிடித்தவன் மாதிரிப் பேசும். கண்ணை மூடிக்கொண்டு இதையெல்லாம் நான் சொல்வதைப் பார்த்த முதலாளி என்னை வாசலிலிருந்து எழுப்பி உள்ளே உட்காரவைத்தார். அன்றிலிருந்து பழைய சாமான் வாங்குவதும் என் வேலையாயிற்று.

முதலாளியைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். அவருக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதைத் திட்டுவார். செட்டிநாட்டுப் பக்கமிருந்து ஒருவர் அருமையான வெண்கல உருளி கொண்டுவந்தார். "இதக் கொண்டாந்து ஏன்யா எங்கடையில வைக்கிய? நாய்க்குச் சோறு வைக்கவாவது லாயக்கா?" என்று கால்மணி நேரம் வைதார். கடைசியில் அதை வாங்கி, சொந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். வேண்டாத பொருள் வந்தால் வாய் நிறையப் புகழ்வார். "ஆகா, என்ன வேலைப்பாடு! இது வீட்ல இருந்தா மகாலட்சுமியே இருக்கிற மாதிரி. விக்காதீக" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார். கடையில் வேலை பார்த்த எங்களுக்கும் இதே நடைமுறைதான். திட்டு விழுந்தால் வேலை நிலைக்கும்.

திபெத்துக் கிண்ணம் எங்கள் கடைக்கு வந்தது கொடைக்கானல்காரர் ஒருவரால். அங்கே வெள்ளைக்காரர்களுக்குக் கடை வைத்திருந்தார். ஓரத்தில் கட்டையை வைத்துச் சுற்றினால் ரீங்காரமிடும் வெண்கலக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பனிமலையில் சாமியார்கள் தியானத்துக்கு வைத்திருந்தது, ஏழு உலோகம் கலந்தது என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தட்டிப் பார்த்துவிட்டு, "செம்பும் வெள்ளீயமும் தெரியுது. மத்த அஞ்சும் வாயில கலந்தது" என்றேன். கொடைக்கானல்காரர் கோபப்படவில்லை, சிரித்தார். "இதில் பழையது கிடைக்குமா? உங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள் நிறைய. லடாக்கிலும் சிக்கிமிலும் இருந்துவிட்டு வந்தவர்கள் பெட்டியில் கட்டாயம் ஒன்றிரண்டு இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அடுத்த நாலைந்து வருடம் என் டிவிஎஸ் ஐம்பதில் மல்லாங்கிணறு, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று சுற்றினேன். கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் கோழி தண்ணீர் குடித்தது. ஒன்றில் சிகரெட் சாம்பல். ஒரு வீட்டில் அதைக் கவிழ்த்துப் போட்டு உரலடி எலிப் பொந்தை மூடியிருந்தார்கள். அதுதான் இருந்ததிலேயே நல்ல கிண்ணம்.

ஜெயந்தி கேட்டது இதுதான். முதலாளி கிண்ணம் பார்க்கும் முறையை எழுதிவிடுகிறேன். முதலில் ஃபேனை நிறுத்தச் சொல்வார். கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார், பிறகு உள்ளே விரலை விட்டுத் தடவுவார். கையால் அடித்த கிண்ணத்தில் சுத்தியல் தழும்பு ஒழுங்கில்லாமல் இருக்கும். வட்டம் வட்டமாகக் கோடு ஓடினால் மிஷினில் கடைந்த புதுசு. பழசில் உள்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருக்கும், ஏனென்றால் அதில் யாரோ வருடக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார்கள். சாமியார் தட்டியதைவிடச் சமையல்காரி கழுவியதுதான் அதிகம். அதற்கப்புறம் கிண்ணத்தை ஐந்து விரல் நுனியிலும் ஏந்துவார். உள்ளங்கை பட்டால் சத்தம் செத்துவிடும். சைக்கிள் ட்யூப் சுற்றிய கட்டையால் ஒரே ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொள்வார். "ஒண்ணு" என்பார், அது அடியில் ஓடும் கனத்த சத்தம். "ரெண்டு" என்பார், அது மேலே நிற்கும் மெல்லிய சத்தம். அப்புறம் நீண்ட நேரம் பேசமாட்டார். பழைய கிண்ணமாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று உரசி, தொட்டில் ஆடுகிற மாதிரி ஒரு அலை எழும். அதைக் கேட்டால் மட்டும் மெதுவாக "மூணு" என்பார். உடனே கண்ணைத் திறந்து கிண்ணத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்.

மூணு என்று அவர் சொல்லி நான் கேட்டது மொத்தம் ஆறேழு தடவைதான் இருக்கும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், எம்.ரெட்டியபட்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கருவேலங்காட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் நடுரோட்டிலேயே கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு அம்மா வேப்பமரத்தடியில் நின்று விரல் நுனியில் கிண்ணத்தை ஏந்தித் தட்டிக்கொண்டிருந்தார். காட்டுக்குள்ளிருந்து இருபது முப்பது வெள்ளாடுகள் ஓடிவந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி கருவை நெத்து, காய்ந்த கருவேலங்காய்தான். வாங்கித் தின்றுவிட்டு அதது தானாகக் கொட்டத்துக்குள் போனது.

அவர் பெயர் ராக்கம்மாள். புருசன் பட்டாளத்தில் அவுல்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கிலிருந்து கொண்டுவந்த கிண்ணத்தைத் தட்டி ஆட்டைக் கூப்பிடப் பழக்கியது அவர்தான். இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முன்னால் வரும் பெரிய கருப்பு ஆட்டுக்கு சுபேதார் என்று பெயர் வைத்ததும் அவர்தானாம். "நான்தான் அவுல்தாராவே வந்துட்டேன், வீட்ல ஒருத்தராவது மேல போகட்டும்னு சொல்லுவாக" என்று ராக்கம்மாள் சொன்னார்.

"யக்கா, அந்தக் கிண்ணத்தக் குடுக்கிறதா இருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"ஆடு எப்படி வீடு வந்து சேரும்? நீயா வந்து ஓட்டிட்டு வருவ?"

அதோடு பேச்சு முடிந்தது. கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். கிண்ணத்தைப் பார்க்காமலேயே அவர் திட்ட ஆரம்பித்தார். அவ்வளவு கேவலமாக ஒரு கிண்ணத்தை அவர் திட்டி நான் கேட்டதில்லை. விசயம் எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை இல்லை. ஆனால் வேலை சுத்தமான வேலை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் மறுபடியும் ராக்கம்மாளிடம் போனேன். அருப்புக்கோட்டைப் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவன் என்று சொல்லிக்கொண்டேன். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பச்சைக் களிம்பு இருந்தது. "இத இப்படியே விட்டா ஒருநாள் தட்டும்போது வெடிச்சிரும்க்கா. ஒரு வாரம் குடுங்க, காசே வேணாம், எடுத்துக் குடுத்துருதேன்" என்றேன். களிம்பு ஏறி வெடித்த கிண்ணத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. அவர் நம்பினார். முந்தானையால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

கொடைக்கானல்காரர் அதே அளவில் புதுக்கிண்ணம் ஒன்று அனுப்பினார். மிஷின் கோடு மறையச் சுத்தியலால் தழும்பு வைத்தேன். புளித் தண்ணீரிலும் உப்பிலும் மாற்றி மாற்றி ஊறப்போட்டேன், எருமூட்டப் புகையில் கருக்கினேன். பழையதில் ஓரத்தில் ஒரு நெளிவு இருந்தது. அதே இடத்தில் அதே நெளிவு. கடைசியில் சத்தம். ஓரத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இரண்டு நாளில் ஒண்ணையும் ரெண்டையும் கொண்டுவந்துவிட்டேன். முதலாளி ஃபேனை நிறுத்தித் தட்டிப் பார்த்தார். "மூணு வரல" என்றார். "மனுசக் காதுக்கு ரெண்டு போதும் மொதலாளி" என்றேன். "என்னத்த வேல பாத்துருக்க, சனியனே" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

உச்சி வெயிலில், ஆடுகள் மேயப்போன நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராக்கம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நெளிவைத் தடவினார். "நல்லா இருப்ப தம்பி. ஒரு வாரமாச் சோத்துத் தட்டத் தட்டிப் பாத்து, ஆட்டுப் பின்னாலேயே ஓடுதேன்" என்று சொல்லி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். முதலாளி திட்டுகிற மாதிரி இல்லை, நிஜமாகவே.

ஐந்தாவது நாள் காலையில் கொடைக்கானல்காரர் பழைய கிண்ணத்தை வாங்கிப்போக வந்திருந்தார். முன்னால் உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் கிண்ணத்தை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஆடு கத்தியது.

கதவிடுக்கில் பார்த்தேன். ராக்கம்மாள் நிற்கிறார். ஒரு கையில் நான் செய்த கிண்ணம், மறுகையில் கயிறு, கயிற்றின் மறுநுனியில் சுபேதார். பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"மொதலாளி, இது எங்கிண்ணம் இல்ல."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிண்ணத்தை வாங்கினார். "என்னம்மா இப்படிச் சொல்றீக? எவ்வளவு அழகான கிண்ணம்! தெய்வாம்சமா இருக்கு!"

"அது இருந்துட்டுப் போகுது. ஆடு வரமாட்டேங்குதே. தட்டுனா நிமிந்து பாக்குது, பெறகு மேயப் போயிருது. நாலு நாளாக் காட்டுக்குள்ள தேடி அலையுதேன். ரெண்டு குட்டி இன்னும் வந்து சேரல. நாய் தூக்குச்சோ, எவன் வண்டியில போட்டுக்கிட்டுப் போனானோ." பேசப் பேச அவர் குரல் உடைந்தது. "அவுக போன பெறகு ஒரு குட்டியக்கூடத் தொலைச்சதில்ல நான்."

"ஆட்டுக்கு என்னம்மா தெரியும்?" என்றார் முதலாளி.

"ஆட்டுக்கு என்ன தெரியும்னு பாப்போம்" என்று சொல்லி ராக்கம்மாள் கயிற்றை அவிழ்த்துவிட்டார். புதுக்கிண்ணத்தைத் தட்டினார். சுபேதார் திரும்பிக்கூடப் பார்க்காமல், தொங்கிக்கொண்டிருந்த கடைக் காலண்டரில் ஒரு மாதத்தைக் கடித்தது. அலமாரியிலிருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினார். சுபேதார் அடுத்த மாதத்துக்குப் போனது.

உள்ளே என் கையில் கட்டை இருந்தது. பழைய கிண்ணம் மேசைமேல் வைக்கோலுக்கு நடுவில் இருந்தது. மணி அடித்த மாதிரி ஒரு தட்டு விழுந்தது. கை தவறிப் பட்டுவிட்டது என்று முதலாளியிடம் அன்று சொன்னேன், இன்றுவரை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கை தவறவில்லை. விரல் நுனியில் ஏந்தித்தான் தட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நிதானமாக எழுத முடியாது, அவ்வளவு வேகம். சுபேதார் கல்லா மேசைமேல் ஒரு கால், கொடைக்கானல்காரர் மடியில் ஒரு கால் வைத்து உள்ளறைக்குள் வந்து விழுந்தது. சோடா பாட்டில் உருண்டது. எவர்சில்வர் டிபன் கேரியர் அடுக்கு ஒன்று முழுசாகச் சரிந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஆடு என் முன்னால் வந்து நின்று, என் இரண்டு கையையும் மோந்து பார்த்தது. கையில் நெத்து இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தது. பின்னாலேயே ராக்கம்மாள் வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முன்னறையில் கொடைக்கானல்காரர் வேட்டியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இந்த ஆடு என்ன விலை?" என்றார். அவர் வியாபாரி.

"அது சுபேதார். வெலைக்கு இல்ல" என்றார் ராக்கம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான பேரு வெட்டுறவன்? வெட்டு இதுல. இனி எவனும் மாத்தக் கூடாது" என்றார்.

முதலாளி முகத்தில் ரத்தம் இல்லை. பழைய திபெத்துக் கிண்ணத்தில் பெயர் வெட்டுவது என்றால் அன்றோடு அது கல்யாணச் சீர்ப் பாத்திரம். கொடைக்கானலில் ஒருவன் தொடமாட்டான். எனக்கு இன்னொரு பயம். நல்ல வெண்கலம் கண்ணாடி மாதிரி, உளி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் விரிசல் ஓடிவிடும். மூணு அதோடு போய்விடும், ஆடும் போய்விடும். களிம்பு வெடிக்கும் என்று பொய் சொன்னவன், இப்போது உண்மையிலேயே வெடிக்கக்கூடிய வேலையைச் செய்ய உட்கார்ந்தேன்.

"யார் பேருக்கா? உங்க பேரா, அண்ணன் பேரா?"

"அவுகளோடதுதான்."

"பேரு?"

ராக்கம்மாள் கூரையைப் பார்த்தார். எங்கள் பக்கம் அவர் வயதுப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லமாட்டார்கள், செத்தாலும் சொல்லமாட்டார்கள். அப்புறம் கடகடவென்று ஒரு நம்பரைச் சொன்னார். ஏழு இலக்கம், கடைசியில் ஒரு இங்கிலீஷ் எழுத்து. பட்டாளத்து நம்பர். இருபது வருடம் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிய நம்பர், ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

கிண்ணத்துக்குள் ஈர மணலைத் திணித்தேன். அடியில் சாக்கைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். உளியை நிமிர்த்திப் பிடித்து, மிளகு உடைகிற அளவுக்கு ஒரு தட்டு. ஒரு புள்ளி. முதலாளி "ஐயோ" என்றார். அடுத்த புள்ளி. அடுத்த "ஐயோ". கடைசிப் புள்ளிவரைக்கும் ஐயோ விடாமல் கூடவே வந்தது. கொடைக்கானல்காரர் பாதி நம்பரிலேயே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். எனக்குக் கழுத்து வழியாக வேர்வை இறங்கியது. அதற்கு முன் ஆயிரக்கணக்கில் பெயர் வெட்டியிருக்கிறேன், அவற்றில் ஒன்றுக்கும் நான் சாமி கும்பிட்டதில்லை.

மணலைக் கொட்டித் துடைத்தேன். "நீயே தட்டு" என்றார் ராக்கம்மாள். சுபேதாரை வாசல் பக்கம் நிறுத்தியிருந்தார்.

தட்டினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு எழுந்தது, எனக்கே கேட்டது. ஆனால் சுபேதார் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. விரிசல் விட்டதோ, என் காதுதான் பொய் சொல்கிறதோ என்று கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ராக்கம்மாள் என் கையிலிருந்து வாங்கித் தட்டினார். முதல் தட்டுக்கே ஆடு ஓடிவந்தது. மடியிலிருந்து ஒரு கைப்பிடி நெத்து எடுத்துக் கொடுத்தார்.

"கிண்ணத்துல ஒண்ணும் இல்ல தம்பி. நீ ஒருக்காக் கூப்ட்டு ஏமாத்திட்ட. இனி அது உன் கைய நம்பாது" என்று சொல்லிவிட்டு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் பாடுபட்டுச் செய்த புதுக்கிண்ணத்தையும் மறக்காமல் எடுத்துப்போனார். கோழிக்குத் தண்ணீர் வைக்க.

முதலாளி அன்றிலிருந்து ஒரு வாரம் என்னைத் திட்டவில்லை. "நல்ல மனுசன்யா நீ, தங்கமான மனுசன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் வேறு கடை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எட்டாவது நாள் காலையில் "ஏலே மாரி, கூறுகெட்ட பயலே, இந்த அண்டாவ எவன்லே வழியில வச்சான்?" என்றார். அண்டாவை வைத்தது அவரேதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காணாமல் போன குட்டிகளில் ஒன்று, பழைய கிண்ணம் வீட்டுக்குப் போன அன்று சாயங்காலமே சத்தம் கேட்டு வந்துவிட்டதாம். இன்னொன்று வரவே இல்லை. அது என் பாவம், என்னோடேயே இருக்கட்டும்.

நான் வேலையிலிருந்து நின்ற பிறகு மாதம் ஒருதடவை எம்.ரெட்டியபட்டி பஸ்ஸில் போய் அங்கே இறங்குகிறேன். ராக்கம்மாள் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துத் தட்டச் சொல்வார். சுபேதாருக்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. சென்ற மாதம் முதல்முறையாக என் தட்டுக்கு எழுந்து நாலு அடி வந்தது. பாதி தூரத்தில் நின்று என் கையைப் பார்த்தது. விரித்து உள்ளே இருந்த நெத்தைக் காட்டினேன். மீதி தூரமும் வந்தது.

ஆகவே ஜெயந்தி, உன் தாளில் எல்லாவற்றுக்கும் கீழே இதையும் எழுதிக்கொள். ஃபேனை நிறுத்து, உள்ளங்கை படாமல் விரல் நுனியில் ஏந்து, மூணு வரும்வரை பொறு. பையில் எப்போதும் ஒரு கைப்பிடி கருவை நெத்து வைத்துக்கொள்.